மல்லிக் குவியல் முதல் உப்பு அம்பாரம் வரை: முகம் எடுக்கப் போன ஐந்து நாள்

18 பிப்ரவரி 2025, செவ்வாய் – மதுரை

பையில் ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவு சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) உள்ள கேமரா ஒன்று, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது), வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட மடக்கி வைக்கும் வட்ட ரிஃப்ளெக்டர் ஒன்று, மூன்று பேட்டரி. ஜூம் லென்ஸை வேண்டுமென்றே வீட்டில் வைத்தாயிற்று. ஜூம் இருந்தால் விரல் வேலை செய்யும், கால் வேலை செய்யாது. முகம் எடுக்கிறவருக்கு முதலில் பழக வேண்டியது கால்.

இந்த லென்ஸுக்கும் இந்த சென்சாருக்கும் கணக்கு இதுதான். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால், மூன்றடியில் முகம் மட்டும் சட்டம் நிறைய வரும். ஐந்தடியில் தலை முதல் மார்பு வரை. எட்டடியில் இடுப்பு வரை. நிற்கிற ஆள் உச்சி முதல் பாதம் வரை வர வேண்டுமென்றால் பதினான்கு அடி. இந்த நான்கு எண் மனதில் இருந்தால், கேமராவைத் தூக்கும் முன்பே எங்கே நிற்பது என்று தெரிந்துவிடும். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால் எதிரில் இருப்பவர் விறைத்துப்போவார். அதற்குப் பிறகு அவரைத் தளர்த்துவது பெரும்பாடு.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அதிகாலை ஐந்து மணிக்கே போய்விட வேண்டும். ஆறரைக்கு மேல்தான் சூரியன். அதற்கு முன்னால் கடைக்குக் கடை தலைக்கு மேல் தொங்கும் எல்இடி பல்புகள்தான் வெளிச்சம். உச்சந்தலைக்கு மேலிருந்து விழும் ஒற்றை பல்பு, முகத்துக்குச் செய்யக்கூடிய கெடுதல் அத்தனையும் செய்யும்: புருவ எலும்பின் நிழல் கண் குழியை மூடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஆனால் பூ மார்க்கெட்டில் ஓர் அதிர்ஷ்டம். சாக்கை விரித்து மல்லியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டடி அகலத்துக்கு வெள்ளைக் குவியல். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எடை போடக் குனியும்போது, பல்பு வெளிச்சம் பூவில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கடியில் போய் நிரம்புகிறது. கண்மணியின் கீழ்ப்பாதியில் மங்கலாக ஒரு வெள்ளைப் பிறை தெரிந்தால் பூ வேலை செய்கிறது என்று பொருள். பக்கத்துக் கடையில் செவ்வந்தி. அங்கே அதே பல்பு, முகம் முழுக்க மஞ்சள்.

பல்புக்கடியில் எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஷட்டர், அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுவது என்பது. மலிவு எல்இடி நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஓசை வரக்கூடாதே என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/250 நொடி வைத்தால், படத்தின் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வைக்க வேண்டும். ஒரு துடிப்பு முழுசாக உள்ளே வந்துவிடும். பேசுகிற ஆளுக்கு 1/100 கொஞ்சம் மெதுவுதான். ஆகவே ஒன்றுக்கு நான்கு எடுத்து, பேச்சின் நடுவே நிற்கும் அந்த அரை நொடிக்குக் காத்திருக்க வேண்டும். அப்பர்ச்சர் என்கிற லென்ஸ் திறப்பு எஃப்/2.2, சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 2000.

"படம் புடிச்சு என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார் ஒரு பூக்கார அக்கா. கேள்வியில் கோபம் இல்லை, வியாபாரம் இருந்தது. பனிக்காலம், மல்லி வரத்துக் குறைவு, முழம் 50 ரூபாய். இரண்டு முழம் வாங்கியானதும் "எடுத்துக்கங்க, ஆனா பல்லு தெரியாம" என்றார். வாங்கிவிட்டு எடுப்பது லஞ்சம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கடை வாசலில் பத்து நிமிடம் நின்று வாடிக்கையாளரை மறைப்பதற்குக் கொடுக்கும் வாடகை அது.

லாட்ஜுக்குத் திரும்பி லேப்டாப்பில் பார்த்தால் கால்வாசிப் படங்களில் கண் மங்கல், காது துல்லியம். காரணம் பழைய பழக்கம். நடுப்புள்ளியில் கண்ணை ஃபோகஸ் செய்து, பொத்தானை அரைவாசி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டத்தைச் சரிசெய்வது. எஃப்/1.8-இல் ஐந்தடியில் துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் ஆறு செ.மீ. கேமராவைப் பன்னிரண்டு டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் மூன்று செ.மீ. பின்னால் நழுவும். கண்ணுக்கு வைத்த துல்லியம் காதை நோக்கிப் போய்விடும். மூன்றடியில் நிலைமை இன்னும் மோசம், மொத்த ஆழமே இரண்டரை செ.மீ.கூட இருக்காது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உள்ள கேமராவுக்கு இந்தத் தொல்லை குறைவு. இல்லாதவர்கள் ஃபோகஸ் புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும், கேமராவைத் திருப்பக் கூடாது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவுக்கும் போனுக்கும் அனுமதி இல்லை. வெளியிலேயே பாதுகாப்பறையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நல்லதுதான். ஒரு மணி நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்து பிராகாரத்தில் வருகிறவர்கள் முகத்தில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுகிறது என்று பார்ப்பது, நூறு படம் எடுப்பதைவிடப் பெரிய பயிற்சி. ராத்திரி கறி தோசை. காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கண்ணாடி மூட வரவில்லை. பனிக்காற்று இரண்டரை மணி நேரம்.

19 பிப்ரவரி, புதன் – ஆத்தங்குடி, காரைக்குடி

காலை ஆறரைக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். நான்கு 40 ரூபாய். ஆத்தங்குடி டவுன் பஸ் முக்கால் மணி நேரம்.

ஆத்தங்குடிக் கல் செய்யும் கொட்டகை, முகம் எடுக்கப் பழகுகிறவருக்குக் கட்டி வைத்த பள்ளிக்கூடம் மாதிரி. மேலே கூரை, மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் திறப்பு. வெயில் உள்ளே வருவதில்லை, வெளிச்சம் மட்டும் வருகிறது. தொழிலாளி தரையில் குந்தி உட்கார்ந்து, சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன் மேல் பித்தளை அச்சை இறக்குகிறார். சிறு கரண்டியால் சிவப்பு, பச்சை, மஞ்சள் சாந்தை அச்சின் அறைகளுக்குள் ஊற்றுகிறார். அச்சை ஒரே தூக்காகத் தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. மேலே உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்து ஓரமாக வைக்கிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். நாட்கள் கழித்துக் கண்ணாடியை விட்டுப் பிரியும்போது கல்லின் முகம் கண்ணாடியைப் போலவே வழவழப்பாக இருக்கும். சுடுவது கிடையாது.

முதல் தவறு எல்லோரும் செய்வது: அவர் உட்கார்ந்திருக்கிறார், நாம் நின்றுகொண்டு எடுக்கிறோம். மேலிருந்து பார்த்தால் நெற்றி பெருக்கும், தாடை சுருங்கும், கழுத்தே இருக்காது. அவர் கண் உயரத்துக்கு லென்ஸ் இறங்க வேண்டும். முட்டி வலிக்கும், வேறு வழியில்லை.

அடுத்தது கையும் முகமும். ஐந்தடியில் நின்றால் கண் துல்லியமாக இருக்கும்போது ஒன்றரை அடி முன்னால் நீட்டியிருக்கும் கை மங்கிவிடும். எஃப்/4-க்கு இறக்கினாலும் ஆழம் பதினான்கு செ.மீ.தான். எஃப்/16-க்கு இறக்கினால் வெளிச்சம் போதாது. இங்கே அப்பர்ச்சரோடு மல்லுக்கட்டுவதைவிட எட்டடிக்குப் பின்வாங்குவது மேல். எட்டடியில் எஃப்/5.6 வைத்தால் ஆழம் அரை மீட்டர் வரும். முகம், கரண்டி, அச்சு எல்லாம் உள்ளே. ஃபோகஸை மட்டும் கண்ணுக்குக் கொஞ்சம் முன்னால், மார்புக்கும் கைக்கும் நடுவே வைக்க வேண்டும்.

கேமராவைத் தூக்கியதும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நேராகப் பார்க்கிறார், ஆதார் அட்டைக்கு எடுப்பதுபோல. "சிரிங்க" என்று சொல்வது வீண். வாய் மட்டும் சிரிக்கும். "இந்தப் பச்சைக்கு என்ன கலக்குறீங்க அண்ணே?" என்று கேட்டால் பதில் சொல்வதற்காக முகம் அசையும். அதில் ஒன்றிரண்டு எடுத்துவிட்டு, "முடிஞ்சதுண்ணே" என்று சொல்லிக் கேமராவை மார்புவரை இறக்க வேண்டும். அவர் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்துவார். அந்த நொடி திரும்பத் தூக்கி எடுத்தால் கிடைப்பதுதான் படம். இது ஏமாற்று அல்ல. எடுத்ததும் திரையில் காட்டிவிட வேண்டும். வேண்டாமென்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும்.

பதினொரு மணிக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு வீடு. நண்பர் மூலமாக முன்பே சொல்லி வைத்தது. செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைப் படமெடுப்பவர் கண்ணால் பார்த்தால் அது வெளிச்சத்தின் படிக்கட்டு. தெருப்பக்கம் திண்ணை, உள்ளே வளவு என்கிற உள்கட்டு, நடுவே வானம் திறந்த முற்றம், சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். முற்றத்து விளிம்பில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 200-க்கு 1/250 கிடைத்தது. ஒரு தூண் உள்ளே போனதும் 1/125. அறை வாசலில் 1/30. பத்தடிக்குள் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஆளை முற்றத்து ஓரத்தில் உட்கார வைத்தால் பின்னாலிருக்கும் அறை தானாகவே இருண்டுபோகும். கறுப்புத் திரை தேவையில்லை. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் முகத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் அதிகம். இரண்டுமே வெளிச்சத்தை விட்டு விலகிப் போகப்போக எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும்.

வீட்டு ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிய வயது. "காபி சாப்பிடுறியளா?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, டபரா வந்துவிட்டது. பலகையைப் பக்கவாட்டில் போட்டு உட்கார வைத்தோம். முற்றம் அவருக்கு இடப்பக்கம். முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துப் பக்கம் திருப்பச் சொல்லி, மூக்கின் நிழலும் வலக் கன்னத்து நிழலும் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது இருண்ட பக்கத்துக் கண்ணுக்குக் கீழே கடுக்காய் அளவுக்கு ஒரு முக்கோண வெளிச்சம் நிற்கும். அதற்கு மேல் திருப்பினால் முக்கோணம் கரைந்து முகம் தட்டையாகும். குறைத்தால் அந்தக் கண் இருட்டில் போய்விடும்.

திரையைப் பார்த்த ஆச்சி, "இம்புட்டுச் சுருக்கமா?" என்றார். அது வெளிச்சத்தின் வேலை. பக்கவாட்டு வெளிச்சம் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழல் போடும். முகத்தை நேரே முற்றத்தை நோக்கி வைத்து, நாம் முற்றத்துக்கு முதுகு காட்டி நின்றால் நிழல்கள் சுருக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். நாம் நடுவில் நின்று வெளிச்சத்தை மறைக்காமல் ஓரடி விலகி நின்றால் போதும். இரண்டையும் எடுத்துக் காட்டியதில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். மூக்குக் கண்ணாடியில் முற்றம் சதுரமாகத் தெரிந்தது. கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் அரை அங்குலம் தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், வானம் விலகிவிடும். அவிழ்க்கச் சொல்லக் கூடாது. வருஷக்கணக்காகக் கண்ணாடி போட்டவர் கண்ணாடி இல்லாமல் வேறு ஆள்.

வளவுச் சுவரில் பழைய படங்கள் வரிசையாக, மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து தொங்குகின்றன. ரங்கூனில் எடுத்தது ஒன்று என்று ஆச்சி காட்டினார். நாற்காலியில் ஒருவர், கைப்பிடியில் கை, முழங்காலில் மறு கை, கண் நேராக லென்ஸில். அன்றைய கண்ணாடித் தகடுகளுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ஸ்டுடியோவுக்குள் ஒரு நொடி, சில சமயம் அதற்கும் மேல், அசையாமல் இருந்தாக வேண்டும். நாற்காலி அலங்காரத்துக்குப் போட்டதல்ல, ஆள் ஆடாமல் இருக்கப் போட்டது. சிரிப்பு ஒரு நொடி நிற்காது, ஆகவே சிரிப்பும் இல்லை. தூரத்தைக் கவனித்தால் அந்தப் படக்காரர் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றிருக்கிறார். மூக்கும் காதும் அதனதன் அளவில் இருக்கின்றன. இன்று போனை ஒன்றரை அடியில் நீட்டி எடுக்கும் படத்தில் காதைவிட மூக்கு கால்பங்கு கூடுதலாகப் பெரிசாகும். லென்ஸின் குற்றமல்ல, நிற்கும் இடத்தின் குற்றம். ஐந்தடிக்குப் போனால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு எட்டாகச் சுருங்கிவிடும்.

மதியம் கவுனி அரிசி இனிப்போடு சாப்பாடு. ஆச்சி விடவில்லை.

20 பிப்ரவரி, வியாழன் – காரைக்குடி, பிறகு பஸ்

எடுத்த படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது என்று முடிவு. வாட்ஸப்பில் அனுப்பினால் பேரனின் போனோடு முடிந்துவிடும். ஒரு கலர் லேப்; நாலுக்கு ஆறு அளவு, படம் 15 ரூபாய், பதினோரு படம். ஒரு மணி நேரம் கழித்து வாங்கப் போனால் கல் செய்கிற அண்ணனும் ஆச்சியும் வெள்ளாவியில் வைத்து எடுத்தவர்கள்போல இருந்தார்கள்.

"லேசா வெளுப்பா போட்டிருக்கேன் சார், நல்லாருக்கும்" என்றார் லேப் தம்பி. அவர்மேல் தப்பில்லை. கல்யாண ஆல்பம் வாங்குகிற ஊர் முழுக்க அதைத்தான் கேட்கிறது. ஆனால் நம் நிறத்தின் அழகே அதில் விழும் பளபளப்பில் இருக்கிறது. வெளிர்ந்த தோலின் வடிவத்தை நிழல் காட்டும். கறுத்த தோலின் வடிவத்தைக் கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் மின்னும் ஒளி காட்டும். மொத்த முகத்தையும் ஒரு ஸ்டாப் ஏற்றினால் அந்த மின்னல் பக்கத்துத் தோலோடு கலந்துபோய், முகம் மாவு பூசிய பலகையாகும். கொடுக்கும்போதே "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், ஃபைல்ல இருக்கிறபடியே" என்று சொல்லி, முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்ல வேண்டும். திரும்பப் போட்டுக் கொடுத்தார். காசு இரண்டு முறை. 330.

ஆத்தங்குடிக்கு இன்னொரு தடவை போய்ப் படத்தைக் கொடுத்துவிட்டு வந்ததில் ராமநாதபுரம் பஸ் போய்விட்டது. அடுத்ததில் நின்றுகொண்டே. மண்டபம் தாண்டும்போது இருட்டிவிட்டது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் 2022 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. பக்கத்திலேயே கட்டி முடித்த புதிய பாலம் அப்போது திறப்புக்குக் காத்திருந்தது, 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அதனால் அன்று எல்லாக் கூட்டமும் பஸ்ஸில்.

21 பிப்ரவரி, வெள்ளி – பாம்பன்

ஏசி அறை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். காலை ஐந்தேமுக்காலுக்குக் கடற்கரைக்கு வந்து பையைத் திறந்ததும் லென்ஸ் முழுக்க வெள்ளைப் படலம். குளிர்ந்த கண்ணாடியில் கடல் காற்றின் ஈரம். துடைத்தால் உடனே திரும்ப வரும். லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளேயும் போகும். செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும், இருபது நிமிடம். ஏசி அறையில்தான் தங்கியாக வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முக்கால் மணி முன்னாலேயே பையை ஜிப் திறக்காமல் வராந்தாவில் வைத்துவிட வேண்டும். பையோடு சேர்ந்து கண்ணாடியும் மெல்லச் சூடேறும். அந்த இருபது நிமிடத்தில் கிழக்கு சிவந்து வெளுத்தும் விட்டது.

வலை பழுது பார்க்கிறவர்கள் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியால் கண்ணுக்குக் கண் முடிச்சுப் போடுகிறார்கள். தலை எப்போதும் குனிந்தே இருக்கிறது. குனிந்த முகத்தில் கண் இமை மட்டும்தான் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிமிர வைத்தால் முறைப்பு வரும். கவனித்துப் பார்த்தால், முடிச்சு முடிந்து நூலை அறுக்க வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர்களாகவே தலையைத் தூக்குகிறார்கள். எல்லாத் தொழிலிலும் இப்படி ஒரு நிமிரும் கணம் உண்டு. அது திரும்பத் திரும்ப வரும், இரண்டு முறை விட்டுவிட்டு மூன்றாவது முறை எடுத்தால் போதும்.

ரிஃப்ளெக்டரில் வெள்ளிப் பக்கத்தை விரும்புகிறவர்கள் பழகுநர்கள். வெயிலில் வெள்ளியைக் காட்டினால் எதிரில் இருப்பவர் கண் சுருங்கும், தண்ணீர் வரும். வெள்ளைப் பக்கம் போதும், மூன்றடிக்குள் வைத்தால். ஐந்தடி தள்ளிப் பிடித்தால் அது இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று. சூரியன் ஆளுக்குப் பின்னால், வெள்ளை முன்னால் மார்பு உயரத்தில் லேசாக மேல்நோக்கி. இடுப்புக்குக் கீழே இறக்கினால் வெளிச்சம் தாடைக்கடியில் ஏறும்.

இவ்வளவும் காற்று இல்லாத ஊருக்கு. வாடைக்காற்றில் ஒன்றே கால் மீட்டர் வட்டம் பாய்மரம். பிடித்திருந்தவர் கை மாற்றிய நொடியில் பறந்து, காயப் போட்டிருந்த கருவாட்டின் மேல் போய் விழுந்து, நாலு முறை உருண்டது. கருவாட்டுப் பாட்டி திட்டியதை எழுத முடியாது. கலைந்ததைத் திரும்ப வரிசையாக அடுக்கிக் கொடுத்தபிறகு அரைக் கிலோ வாங்கச் சொன்னார். 200 ரூபாய். நெத்திலி. அதற்குப் பிறகு, "என்ன ஒண்ணு எடுக்கல?" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி உட்காரச் சொன்னால் முடி பின்னால் போகும். காற்றுக்கு முதுகு காட்டினால் வாயிலும் கண்ணிலும் முடிதான். வெளிச்சத்தையும் காற்றையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாதபோது காற்றுக்கு வழிவிடுவது நல்லது. ரிஃப்ளெக்டரை மடக்கிப் பையில் வைத்தோம். அவர் பின்னாலிருந்த படகின் வெள்ளைப் பூச்சு இருக்கவே இருக்கிறது. ஆளைத் திருப்பி அதை எதிரில் வைத்தால் அதுவே ரிஃப்ளெக்டர்.

பக்கத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிய டீக்கடை. நிழல் என்று அங்கே போய் எடுத்த பத்துப் படமும் வீண். தார்ப்பாய் வழியே இறங்கும் நீலம் நெற்றியில், மணலிலிருந்து வரும் மஞ்சள் தாடையில். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும். நிழலைப் பார்க்கும்போது நிழலின் நிறத்தையும் பார்க்க வேண்டும். வேப்ப மரம் முகத்தைப் பச்சையாக்கும், தார்ப்பாய் நீலமாக்கும். ஓலைக் கூரை ஒன்றும் செய்யாது.

மீன் குழம்புச் சாப்பாடு 120 ரூபாய், சோறு அளவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி போய்ச் சேர ராத்திரி பத்து. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார். கருவாடு பையில்தான் இருந்தது.

22 பிப்ரவரி, சனி – தூத்துக்குடி உப்பளம்

சீசன் இப்போதுதான் சூடு பிடிக்கிறது. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க விடியும் முன்பே வந்துவிடுகிறார்கள். கணக்குப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. செருப்பு மண் பட்டால் உப்பு அழுக்காகும். வரப்பில் மட்டும் நடை.

ஆறு மணி முதல் ஏழு வரை உப்பளத்தில் எடுக்கத் தெரியாதவர் என்று ஒருவரும் இல்லை. மேலே வானம், கீழே வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் முகம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகு. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும் முரண்டு பிடிக்கும். சட்டம் முழுக்க வெள்ளையைப் பார்த்ததும் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், உப்பு அழுக்கு வெள்ளையாகும், முகம் கரியாகும். மீட்டர் சொல்வதைவிடக் கூடுதல் வெளிச்சம் கொடுக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை கூட்டல் 1.3-இல் வைத்து, இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி. திரையின் பிரகாசத்தை நம்ப முடியாது. அந்த வெளிச்சத்தில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும்.

எட்டு மணிக்குக் கதை தலைகீழ். வெயில் உப்பில் பட்டு மேலே ஏறுகிறது. தாடைக்கடியும் மூக்குத் துவாரமும் வெளிச்சமாகி, புருவத்துக்கு மேல் நிழல். பிள்ளைகள் டார்ச்சைத் தாடைக்கடியில் வைத்துப் பூச்சாண்டி காட்டுவார்களே, அதே முகம். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, பாத்தியை விட்டு அகலமான வரப்புக்கு வரச் சொல்வது. கரிய களிமண் வெளிச்சத்தைத் தின்றுவிடும். இன்னொன்று, யாரும் தொடாமலே மடித்து வைத்திருக்கும் ரிஃப்ளெக்டரின் கறுப்பு உறை. அவர் காலடிக்கு முன்னால், சட்டத்துக்கு வெளியே, அதைத் தரையில் விரித்தால் கீழிருந்து ஏறும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறது. வெளிச்சத்தைக் கூட்ட வாங்கிய சாமானில் அதிகம் உதவியது வெளிச்சத்தைக் குறைக்கும் துணிதான்.

வாருபலகையால் உப்பை இழுத்து ஓரம் சேர்ப்பவர்களில் பெண்கள் நிறைய. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மூக்கு வரை சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கண் மட்டும் தெரிகிறது. அதுவும் வெயில் கூசிப் பாதி மூடி. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொன்னால், திறந்த முதல் நொடியில் கண் முழுசாக இருக்கும். அந்த ஒரு நொடிதான் அவகாசம். ஆளைப் படுத்தாமல் இரண்டு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. ஐந்தடி, எஃப்/4, 1/1000. துண்டின் நெய்தலில் பூத்திருக்கும் உப்புப் பொடிவரை தெரிகிறது.

"எங்க இருந்து வாறிய?" என்று கேட்ட அக்காவின் படம்தான் இந்தப் பயணத்திலேயே சிறந்தது. துண்டுக்கு மேல் இரண்டு கண், புருவத்தில் வெள்ளையாக உப்பு, பின்னால் எல்லையில்லாத வெளுப்பு. திரையில் காட்டினோம். பார்த்தார். "இதுல நா எங்க இருக்கேன்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கொண்டையைச் சரிசெய்தார். மேல் சட்டையைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தார். அம்பாரத்தின் நிழல் விழுந்த பக்கமாக அவரே போய் நின்றார். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, கால் சேர்த்து, கண் நேராக லென்ஸில், வாய் இறுக மூடி. "இப்பம் எடுங்க. முழுசா வரணும்."

பதினான்கு அடி பின்னால் போய், எஃப்/5.6-இல் எடுத்தது. வரப்பு குறுகல், பின்கால் வழுக்கி ஒரு செருப்பு பாத்திக்குள் போனதற்குக் கணக்குப்பிள்ளை சத்தம் போட்டார். இரண்டாவது தேவைப்படவில்லை.

அறைக்கு வந்ததும் கேமராவை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, உப்புத் துகள் கண்ணாடியில் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் உலர்ந்த துணி. சாயங்காலம் மக்ரூன் கால் கிலோ வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு லேபில் நுழைந்து, கரெக்‌ஷன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி, அம்பாரத்தின் முன்னால் நிற்கும் படத்தை மட்டும் இரண்டு பிரதி போட்டு, உப்பளத்து விலாசம் எழுதிய கவரைத் தபாலில் சேர்த்தாயிற்று.